நடுங்காதவருக்கு நடுக்குவாதமா?

மருத்துவர் எழுதித் தரும் சீட்டில் மனிதர் பெயர்கள் வருவதைக் கவனித்திருப்பீர்கள். பார்க்கின்சன், அல்சைமர், ஹாட்ஜ்கின். எல்லாம் அந்தந்த நோயை முதலில் விவரமாக எழுதிவைத்த மருத்துவர்களின் பெயர்கள். "தமிழில் நடுக்குவாதம் என்று நல்ல பெயர் இருக்கும்போது வெள்ளைக்காரன் பேர் எதற்கு?" என்று கடற்கரைச் சாலையில் நடக்கையில் நண்பர் ஒருவர் கேட்டார். இந்த ஒரு விஷயத்தில் நான் வெள்ளைக்காரன் பேரின் கட்சி.

ஜேம்ஸ் பார்க்கின்சன் லண்டனில் ஹாக்ஸ்டன் பகுதியில் வைத்தியம் பார்த்தவர். 1817இல் ஒரு சிறு புத்தகம் போட்டார். அதில் வருகிற நோயாளிகள் மொத்தம் ஆறே பேர். அவர்களிலும் இருவர் தெருவில் எதிரே வந்தவர்கள், ஒருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி! நோய்க்கு அவர் தன் பெயரை வைக்கவில்லை. 'நடுங்கும் வாதம்' என்றுதான் எழுதினார். நம் தமிழ்ச் சொல்லும் அதே பொருள்தான்.

பெயரை மாற்றியவர் ஒரு பிரெஞ்சுக்காரர், ஷார்கோ. (எழுதும்போது கடைசியில் ஒரு 'த்' உண்டு, சொல்லும்போது வராது. எங்கள் வாத்தியாரிடம் இதற்காகப் பட்ட குட்டு கொஞ்சமல்ல.) பாரிஸில் சல்பேத்ரியேர் என்ற பெரிய மருத்துவமனையில் இருந்தவர். முன்பு அங்கே வெடிமருந்துச் சாலை இருந்ததாம், வெடியுப்பை வைத்துத்தான் அந்தப் பெயர். ஆயிரக்கணக்கான ஏழைப் பெண்கள் அடைக்கலமாக இருந்த அந்த இடத்தில், பார்க்கின்சன் எழுதி ஐம்பது வருடம் கழித்து, ஷார்கோ இந்த நோயைப் பொறுமையாகப் பார்த்தார். நோயாளியின் பலம் குறையவில்லை, உடம்பு விறைத்து வேகம்தான் குறைகிறது, ஆகவே வாதம் என்பது சரியில்லை. எல்லோருக்கும் நடுக்கமும் இல்லை, ஆகவே அந்த வார்த்தையும் சரியில்லை. பேசாமல் பார்க்கின்சன் பேரையே வைத்துவிடுவோம் என்றார். பேர் கொடுப்பதில் அவர் தாராளம். தன் சீடர் ழில் தெ லா தூரேத் பேரையும் ஒரு நோய்க்கு வைத்தார். ழில் என்பதும் குடும்பப் பெயரின் பாதி. இங்கிலீஷ்காரர்கள் அதை வெட்டி வெறும் தூரேத் ஆக்கிவிட்டார்கள்.

முப்பது வருடத்துக்கு மேல் கோப்பு பார்த்தவன் நான். தலைப்பு தப்பாக இருந்தால் கோப்பு தப்பான பிரிவுக்குப் போய் ஆறு மாதம் தூங்கும். வெறும் எண் போட்டிருந்தால் யாராவது திறந்தாவது பார்ப்பார்கள்.

என் அண்ணனுக்கு நடந்தது அதுதான். பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், எண்பதைத் தாண்டியவர். முதலில் இடது தோள் பிடித்துக்கொண்டது. எண்ணெய் தேய்த்தார்கள். நடை குறுகியது. வயசு என்றார்கள். சட்டைப் பொத்தான் போட அரை மணி நேரம் ஆனது. அண்ணி அதைச் சோம்பல் என்றார். கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி பொடியாகிக்கொண்டே வந்து, ஒரு வங்கியில் இது உங்கள் கையெழுத்து இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பார்க்கின்சனாக இருக்குமோ என்று உறவுக்காரப் பையன் ஒருவன் கேட்டபோது வீடே சொன்ன பதில்: "நடுக்குவாதமா? அவருக்குக் கைதான் நடுங்கவில்லையே!" அந்த ஒரு வார்த்தையில் இரண்டு வருடம் போயிற்று.

கடைசியில் நரம்பு மருத்துவர் ஒரு தாளைக் கொடுத்து நாலு வரி எழுதச் சொன்னார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டித் தட்டிக் காட்டச் சொன்னார். நடக்கச் சொன்னார். சொல்லிவிட்டார். லெவோடோபா மாத்திரை தொடங்கிச் சில வாரத்தில் அண்ணன் தானே பொத்தான் போட்டுக்கொண்டார். நோய் போகவில்லை, போகாது. ஆனால் இந்த வருடம் உயிர்வாழ் சான்றில் அவர் போட்ட கையெழுத்தைக் கண்ணாடி இல்லாமலே என்னால் படிக்க முடிந்தது.

"யாருடா அந்தப் பார்க்கின்சன்?" என்று ஒருநாள் கேட்டார். தெருவில் போனவர்களைப் பார்த்தே எழுதிய கதையைச் சொன்னேன். இந்த நோயில் முகம் அசையாது, சிரித்தாலும் தெரியாது. அண்ணனுடைய தோள் மட்டும் குலுங்கியது. "நம்ம தெருவுலே அந்த ஆள் ஒரு நடை வந்திருந்தா எனக்கு ரெண்டு வருஷம் மிச்சம்டா, தம்பி" என்றார்.