வலியைச் சொல்ல ஓர் இடம்



2025ஆம் ஆண்டின் இறுதியில் கனடிய நாட்டுத் தொலைக்காட்சித் தொடர் ஒன்று பலராலும் பேசப்பட்டது. 'ஹீட்டட் ரைவல்ரி' என்பது அதன் பெயர். ரேச்சல் ரீட் என்னும் கனடிய எழுத்தாளர் 2019இல் வெளியிட்ட புதினத்தைத் தழுவியது. எதிரெதிர் அணிகளில் பனி ஹாக்கி ஆடும் இரண்டு ஆண்களின் காதலே கதை. இது பெரியவர்களுக்கான படைப்பு, மாணவர்களுக்கு உரியதன்று. ஆயினும், ஆண்பிள்ளைகளை வளர்க்கும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று அதில் உண்டு.

கதையின் ஒரு கட்டத்தில் ஷேன் என்னும் ஆட்டக்காரர் ஆட்டத்தின்போது மோதுண்டு பனித்தரையில் விழுகிறார். தலையில் அடி, கழுத்துப்பட்டை எலும்பிலும் முறிவு. அவரை நேசிக்கும் இலியா எதிரணியில் நிற்கிறார். பதறும் மனத்தை ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் அவரால் காட்ட இயலவில்லை. பின்னர் மருத்துவமனையில் ஷேனைச் சந்திக்கும்போதுதான் இருவரும் ஒளிவுமறைவின்றிப் பேசத் தொடங்குகின்றனர். தொடரின் இறுதிப் பகுதி கிறிஸ்துமஸுக்கு மறுநாள், டிசம்பர் 26ஆம் நாள் வெளியானது.

வலியை மறைப்பது பனி ஹாக்கி உலகில் நெடுங்காலமாக வீரமாகக் கொண்டாடப்பட்டு வந்துள்ளது. 1964இல் டொராண்டோ அணியின் பாபி பான், காலில் அடிபட்டுத் தூக்குப் படுக்கையில் வெளியே கொண்டு செல்லப்பட்டார். பின் திரும்பி வந்து வெற்றிக் கோலை அடித்தார். எலும்பு முறிந்திருந்தது தொடர் முடிந்த பின்னரே உறுதியானது. 2013இல் பாஸ்டன் அணியின் பட்ரீஸ் பெர்ஜெரோன் விலா எலும்பு முறிவோடு இறுதிச் சுற்றில் ஆடினார். அணிகளும் காயத்தின் விவரத்தை வெளியிடுவதில்லை. 'உடலின் மேற்பகுதியில் காயம்', 'கீழ்ப்பகுதியில் காயம்' என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன.

காலில் ஏற்பட்ட முறிவை எக்ஸ்ரே காட்டிவிடும். தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்தால் அவ்வாறு எளிதில் காண இயலாது. தலைவலி, குமட்டல், ஒளியைக் கண்டால் கூச்சம், மறதி முதலியவற்றைப் பெரும்பாலும் அடிபட்டவரே எடுத்துச் சொல்ல வேண்டும். குணமாகும் முன் மீண்டும் அடிபட்டால் ஆபத்து மிகும். ஆகவே, இங்கே உண்மையைச் சொல்வதே மருத்துவத்தின் முதற்படி. முதல் ஓரிரு நாள்களுக்கு உடனிருந்து கவனிக்கவும் ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவர் யார் என்பதைச் சொல்ல இயலாதவரின் நிலை என்ன? வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் டிசம்பர் 24, 25, 26 ஆகிய மூன்று நாள்களும் ஆட்டமும் இல்லை, பயிற்சியும் இல்லை. வீரர்கள் வீடு திரும்பும் காலம் அது. 'உன்னோடு வீட்டில் யார் இருக்கிறார்?' என்னும் சாதாரணக் கேள்வியே அப்போது சிலருக்குக் கடினமாகிவிடுகிறது. காயமும் கிறிஸ்துமஸும் இத்தகைய காதற்கதைகளுக்கு ஏன் பொருந்துகின்றன என்பது இதிலிருந்து விளங்கும். ஓர் உண்மையை மறைத்துப் பழகியவன் மற்றோர் உண்மையையும் மறைக்கிறான்.

இது வெறுங்கற்பனை அன்று. 2021இல் லூக் புரோக்கோப் என்னும் 19 வயது இளைஞர் தாம் தன்பாலீர்ப்பு உடையவர் என அறிவித்தார். அந்த லீக்கின் அணியொன்றோடு ஒப்பந்தத்தில் இருந்தவர்களுள் அவ்வாறு வெளிப்படையாகக் கூறிய முதல் ஆட்டக்காரர் அவரே. அதற்கு முன், 2009இல், டொராண்டோ அணியின் பொது மேலாளர் பிரையன் பர்க்கின் மகன் பிரெண்டன் இதனைப் பொதுவில் தெரிவித்தார். கடுமைக்குப் பெயர் பெற்ற அத்தந்தை மகனின் பக்கம் நின்றார். சில மாதங்களில், 2010 பிப்ரவரியில், பிரெண்டன் சாலை விபத்தில் மாண்டார். அவர் நினைவாக 2012இல் 'யூ கேன் பிளே' என்னும் அமைப்பு தொடங்கப்பட்டது. அந்த மகன் மறைந்தபோது, தந்தைக்குத் தெரியாத மகனாக மறையவில்லை. பெற்றோராகிய நாம் இதை எண்ணிப் பார்த்தல் நலம்.

தன்பாலீர்ப்பைப் பற்றி நம்மிடையே பல கருத்துகள் இருக்கலாம். ஆயின், நம் திடலில் விழுந்த மாணவன் முழங்காலைத் தட்டிக்கொண்டு, "ஒன்னுமில்ல டீச்சர்" என்று சொல்வதை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். 'ஆம்பளப் பிள்ளை அழக்கூடாது' என்று சொல்லியே அந்த விடையை அவனுக்குக் கற்பித்திருக்கிறோம். நடையும் பேச்சும் சற்று மென்மையாக உள்ள மாணவனை மற்றவர்கள் 'பொண்டான்' எனக் கேலி செய்கையில் ஆசிரியர் வாளாவிருந்தால், அவனும் ஒரு பாடத்தைக் கற்றுக்கொள்கிறான். இந்த வகுப்பில் எதையும் சொல்ல இயலாது என்பதே அப்பாடம். பிறகு அவனுக்குத் தலையில் அடிபட்டாலும், வீட்டில் அடி விழுந்தாலும் நம்மிடம் வரமாட்டான்.

செய்யத்தக்கவை எளியவை. தலையில் அடிபட்ட மாணவனை அன்றே மீண்டும் ஆட விடாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். கேலிச்சொல் காதில் விழுந்தால் பாடத்தை நிறுத்திவிட்டுக் கண்டியுங்கள். 'ஒன்றுமில்லை' என்று சொல்பவனின் அருகில் இரண்டு நிமிடம் அமர்ந்து, மீண்டும் ஒரு முறை கேளுங்கள்.