கறுவா விசுக்கோத்தும் கோப்பியும்

விசுக்கோத்து என்று நான் சொன்னால் என் மாணவர்கள் சிரிக்கின்றனர். பிஸ்கட் என்பதே அவர்களுக்குச் சரியான சொல். மற்றையது அம்மம்மாமார் பேசும் பழைய வழக்கு. ஆயினும் அச்சொல்லின் பிறப்பை அறிந்தவர் அதனை எளிதில் தள்ளிவிடமாட்டார். இலத்தீன் மொழியிலே 'பிஸ்' என்பது இரு முறை என்றும், 'கொக்துஸ்' என்பது சமைக்கப்பட்டது என்றும் பொருள்படும். நெடுங்கடலோடிய மாலுமிகள், ஒரு முறை சுட்ட மாப்பண்டத்தை ஈரம் வற்றும்படி மறுமுறையும் சுட்டு, பல மாதங்களுக்குப் பழுதடையாத உணவாக எடுத்துச் சென்றனர். அதனை இத்தாலியர் பிஸ்கொத்தோ என்றனர். போர்த்துக்கேயர் பிஸ்கொய்த்து என்றனர். போர்த்துக்கேயரிடமிருந்து நாம் பெற்றதே விசுக்கோத்து. பாண், குசினி, போறணை, தாச்சி, அலுமாரி என்பனவும் அவர்கள் வழியாகவே நம் வீடுகளுக்குள் வந்தன. ஆகவே அம்மம்மாவின் சொல் பிழையானதன்று. பிஸ்கட்டுக்கு அது தமக்கை முறை.

களனியிலுள்ள எங்கள் வீட்டில் மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை நண்பர் சிலர் கூடுவர். கோப்பியுடன் அவர்களுக்கு நான் கொடுக்கும் பண்டம், இத்தாலி நாட்டைச் சேர்ந்த சிசிலித் தீவின் தலைநகராகிய பலெர்மோவின் விசுக்கோத்து. தெத்தூ என்பது அதன் பெயர். கறுவாவும் கராம்பும் சேர்த்துப் பிசைந்த மாவைச் சிறு உருண்டைகளாக்கிச் சுட்டு, மேலே சீனிக் கரைசல் பூசுவார்கள். அவ்வளவுதான். என் தாயார் முதன்முதல் அதனைக் கண்டபோது கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது எங்கடை பயற்றம் பணியாரத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரமெல்லோ!" என்றார். அவர் கூற்றில் நியாயம் இருக்கின்றது.

பலெர்மோ நம்மவருக்கு முற்றிலும் அந்நியமான ஊர் அன்று. 1980களிலிருந்து இலங்கைத் தமிழர் பலர் அங்கே குடியேறி, வீட்டு வேலைகளிலும் உணவகங்களிலும் உழைத்து வாழ்கின்றனர். அந்நகரின் காவற் புனிதையாகிய ரோசாலியாவின் குகைக் கோயில் பெல்லெகிரினோ மலையின் மேல் இருக்கின்றது. கத்தோலிக்கத் தமிழர் மாத்திரமன்றி இந்துத் தமிழரும் அம்மலையேறி வணங்குகின்றனர். மடுத் திருவிழாவுக்குச் சைவர்கள் செல்வதைக் கண்டு வளர்ந்த நமக்கு இஃது ஒரு வியப்பன்று. கொழும்புக்கும் சிசிலிக்கும் இதனினும் பழைய தொடர்பு ஒன்று கொட்டாஞ்சேனையில் நிற்கின்றது. அங்குள்ள பேராலயம் எந்த லூசியாளின் பெயரைத் தாங்கியிருக்கின்றதோ, அப்புனிதை சிசிலியின் சிராக்கூசா நகரத்துப் பெண்.

அக்கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த நண்பர் ஒருவரின் அக்கா பலெர்மோவில் வாழ்கின்றார். அவரே இவ்விசுக்கோத்தின் செய்முறையை எழுதி அனுப்பியவர். அங்கே இது நவம்பர் 2ஆம் நாள், இறந்தோரை நினைவுகூரும் திருநாளுக்கு உரிய பண்டமாம். அதற்கு முந்திய இரவு குடும்பத்தின் மூதாதையர் வந்து பிள்ளைகளுக்கு இனிப்புகளும் விளையாட்டுப் பொருள்களும் வைத்துவிட்டுச் செல்வர் என்பது சிசிலி மக்களின் மரபு. பிதிரருக்குப் படையலிட்டு, அதனைப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் நமக்கு அம்மரபை விளக்க வேண்டியதில்லை.

இவ்விசுக்கோத்தின் உயிர் கறுவா. அக்கறுவாவோ நம்முடையது. இடைக்காலத்தில் அராபிய வணிகர் கீழைநாட்டு வாசனைப் பொருள்களைச் செங்கடல் வழியாக எகிப்துக்குக் கொண்டுசெல்ல, வெனிஸ் நகரத்து வணிகர் அலெக்சாந்திரியாத் துறைமுகத்தில் அவற்றை வாங்கி ஐரோப்பா எங்கும் விற்றுச் செல்வம் குவித்தனர். அச்செல்வத்தின் ஊற்றைத் தேடியே பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கேயரின் கப்பல்கள் கொழும்புக்கு வந்தன. 1656இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தரும் கறுவாவின் மீதே கண்ணாயிருந்தனர். காட்டு மரங்களிலிருந்து பட்டை உரிக்கும் கட்டாய வேலை நெடுங்காலம் ஒரு சமூகத்தாரின் தலையிலேயே சுமத்தப்பட்டிருந்தது. பின்னர், 1769ஆம் ஆண்டளவில், மருதானைப் பகுதியில் ஒல்லாந்தர் கறுவாவைப் பயிரிடத் தொடங்கினர். கொழும்பின் கறுவாத் தோட்டம் இன்று மாளிகைகளின் இடமாயினும், அதன் பெயர் பழைய கதையை மறக்கவில்லை.

கோப்பியின் கதையும் இத்தகையதே. தேயிலைக்கு முன்னர் இந்நாட்டு மலைகளை ஆண்டது கோப்பி. 1820களிலிருந்து அத்தோட்டங்களில் உழைப்பதற்காகத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள், மன்னார்க் கரையிலிறங்கி, காடுகளினூடே கால்நடையாகக் கண்டிச் சீமைக்குச் சென்றனர். வழியிலேயே நோயினாலும் பசியினாலும் மாண்டவர் பலர். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் சில பத்தாண்டுகளில் கோப்பித் தோட்டங்களை அழித்தது. 1867இலேயே ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் பயிரிட்டிருந்த தேயிலை அவற்றின் இடத்தைப் பிடித்தது. ஆகையால் ஒரு விசுக்கோத்தையும் ஒரு கோப்பை கோப்பியையும் முன்னே வைக்கும்போது, இத்தீவின் வரலாற்றில் ஐந்நூறு ஆண்டுகள் மேசைமேல் வந்து அமர்கின்றன.

வரலாற்றைச் சொல்வதற்காக மாத்திரம் நான் போறணையை மூட்டவில்லை. 2019ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு முடிந்து ஒரு கிழமையில், ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறு வழிபாட்டின்போது கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்திலும், கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்பிலும், கொழும்பு விடுதிகள் மூன்றிலும் குண்டுகள் வெடித்து 250இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த மாதம் மினுவாங்கொடையிலும் வடமேல் மாகாணத்திலும் அப்பாவி முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அவ்வாண்டு எங்கள் ஒழுங்கையில், வேலிக்கு மேலாகக் கை மாறும் பலகாரத் தட்டுகள் நின்றுபோயின. புத்தாண்டுக்குக் கொக்கிசும் பலகாரமும், நோன்புப் பெருநாளுக்கு வட்டிலப்பமும், நத்தாருக்குக் கேக்கும் கொடுத்து வாங்கிய வீடுகள் அவை. எவரும் சண்டையிடவில்லை, கதவுகள் மாத்திரம் சற்று முன்னதாகவே சாத்தப்பட்டன.

ஆசிரியர் அறையிலும் அதே அமைதி. என் கொட்டாஞ்சேனை நண்பர் அந்த ஏப்ரலில் தம் பங்கு மக்கள் இருவரின் சவப்பெட்டிகளுக்குப் பின்னால் நடந்து சென்றவர். எங்களுடன் கணிதம் கற்பிக்கும் முஸ்லிம் நண்பர் ஒருவர் உண்டு. இருவரும் பதினொரு ஆண்டுகள் ஒரே பஸ்ஸில் அருகருகே இருந்து வந்தவர்கள். அந்நாள்களில் கணித நண்பர் தம் தேநீர்க் குடுவையை எடுத்துக்கொண்டு சன்னலோரம் தனியே போய் அமர்வார். மற்றவர் தலைகுனிந்து விடைத்தாள் திருத்துவார். ஒருவர் மற்றவர்மீது குற்றம் சுமத்தவில்லை. ஆனால் எவ்வாறு பேச்சைத் தொடங்குவது என்று இருவருக்கும் தெரியவில்லை.

பண்டிகை நாளொன்றில் இருவரையும் அழைக்கலாமா என எண்ணினேன். பண்டிகை என்றால் அஃது ஒருவருடையதாகிவிடுகின்றது; மற்றவர் விருந்தினராகிவிடுகின்றார். எவருடைய பண்டிகையும் அல்லாத ஒரு சாதாரண ஞாயிறும், எவருடைய பலகாரமும் அல்லாத ஒரு பண்டமும் வேண்டியிருந்தன. கொட்டாஞ்சேனை நண்பர் தம் அக்காவின் விசுக்கோத்தைப் பற்றி முன்பு கூறியது நினைவுக்கு வந்தது. செய்முறையைக் கேட்டேன். இரண்டு நாள் கழித்து ஒரு கடதாசியில் எழுதிக் கொண்டுவந்து தந்தார். அதில் ஒரு சொல் வெட்டப்பட்டு, அதற்கு மேலே வெண்ணெய் என்று எழுதப்பட்டிருந்தது. வெட்டிய கோட்டின் கீழே இருந்த சொல்லையும் வாசிக்க முடிந்தது: பன்றிக் கொழுப்பு.

"நான் மரக்கறிக்காரன் என்றதாலை மாற்றினீரோ?" என்று கேட்டேன்.

"உமக்கு மட்டுமில்லை, அவருக்கும் சேர்த்துத்தான்" என்றார்.

கணித நண்பரை நான் அழைக்கப்போவதாக அவரிடம் அப்போது சொல்லியிருக்கவில்லை. துக்கத்தின் நடுவிலும் அவர் மனத்தில் அந்த இன்னொரு நாற்காலி இருந்திருக்கின்றது. அக்கடதாசியை நான் இன்றும் பத்திரமாக வைத்திருக்கின்றேன்.

அந்த ஞாயிறு இருவரும் வந்தனர். கணித நண்பர் தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் கேட்கத் தயங்கிய கேள்விக்கு மற்றவரே மறுமொழி கூறினார்: "எடும், வெண்ணெய்தான். நானே பார்த்து எழுதிக் கொடுத்தனான்." கணித நண்பர் ஒன்றை எடுத்தார், சிறிது நேரம் கழித்து இன்னொன்றை எடுத்தார். பின்னர், இறந்துபோன இருவரின் பெயர்களையும் கேட்டார். அவர்களைப் பற்றி நெடுநேரம் கதைத்தோம்.

விரும்பும் குடும்பத்தினருக்காகச் செய்முறையையும் கூறிவிடுகின்றேன். கோதுமை மா 250 கிராம், சீனி 100 கிராம், வெண்ணெய் 75 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். சிசிலியில் பாதாம் பருப்புச் சேர்ப்பர். நான் கஜு 75 கிராம் வறுத்து, கரகரப்பாக அரைத்துச் சேர்க்கின்றேன். கறுவாத் தூள் ஒரு தேக்கரண்டி, இடித்த கராம்பு நான்கு, கொக்கோத் தூள் ஒரு மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி ஆகியவற்றை மாவுடன் கலந்து, வெண்ணெயை விரல்களாற் பிசறி, ஏறத்தாழ 100 மில்லிலீற்றர் பாலைச் சிறிது சிறிதாக விட்டுப் பிசையுங்கள். முட்டை வேண்டியதில்லை. சிறு தேசிக்காய் அளவு உருண்டைகள் முப்பதளவில் வரும். போறணையை 180 பாகை சூட்டில் வைத்துப் பதினைந்து நிமிடம் சுடுங்கள். ஆறிய பின் 100 கிராம் ஐசிங் சீனியில் தேசிக்காய்ப் புளி சில துளிகளும் சிறிது நீரும் விட்டுக் குழைத்து, மேலே பூசிக் காயவிடுங்கள். கறுவாவை மாத்திரம் பட்டையாக வாங்கி வீட்டில் இடிப்பது நன்று. நம் நாட்டுக் கறுவா மெல்லிய சுருள்கள் பல அடங்கியது, கையாலேயே நொறுங்கும். தடித்து, ஒற்றைச் சுருளாக, மரம்போல் இருப்பது வேறு இனம்.

போறணை இல்லையே என்று எவரும் வருந்த வேண்டாம். 2022ஆம் ஆண்டு எரிவாயுவுக்கு மக்கள் வரிசையில் நின்றபோதும், மார்ச்சு மாத முடிவில் ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டபோதும் எங்கள் ஞாயிறு நின்றுவிடும் போலிருந்தது. அடுத்த வீட்டுச் சிங்கள அக்கா, "சேர், எங்கள் அம்மா பிபிக்கன் சுட்டது எந்தப் போறணையில்?" என்று கேட்டு, ஒரு பெரிய சட்டியைக் கொண்டுவந்தார். அடியிலே சிரட்டைத் தணல், சட்டிக்குள் தட்டு, மூடியின் மேலும் தணல். சில விசுக்கோத்துகள் கருகின. மற்றவை மிக நன்றாய் இருந்தன. அன்று முதல் அவரும் எங்கள் கூட்டத்தில் ஒருவர்.

ஒரு தட்டு விசுக்கோத்து ஒரு நாட்டின் புண்ணை ஆற்றிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. இறந்தோருக்கு நீதி கிடைக்கவேண்டிய இடம் வேறு. அதற்காகக் கேட்கவேண்டிய குரலும் வேறு. ஆயினும் அக்குரலை ஒருமித்து எழுப்ப வேண்டியவர்கள் முதலில் ஒரு மேசையில் அமர்ந்து பழக வேண்டும். அவ்வாறு அமர்வதற்குப் பெரிய காரணமொன்று வருமட்டும் காத்திருப்பது வீண்.

எனவே மாணவ நண்பர்களுக்கும் இல்லத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். பண்டம் எதுவாயினும் ஆகட்டும். பயற்றம் பணியாரமும் அதற்கு நன்கு பொருந்தும். ஆனால் அடுப்பை மூட்டுமுன் வருவோர் யார் யார் என எண்ணி, அவர்களில் ஒருவரும் தொட இயலாத பொருளைக் குறிப்பிலிருந்து வெட்டிவிடுங்கள். தட்டிலுள்ளவை அனைவருக்கும் போதுமா என எண்ணுகையில், வழமையாக வராத ஒருவருக்கும் சேர்த்து இரண்டு கூடுதலாகச் சுடுங்கள்.