பெரிய இலக்கத்தைப் பார்த்து வில் வாங்காதீர்கள்



"மகனுக்கு ஒரு கம்பவுண்ட் வில் எடுக்கப் போறோம் சேர், எது நல்லம்?" இந்தக் கேள்வி வெள்ளவத்தையிலிருந்தும் வருகிறது, கொட்டாஞ்சேனையிலிருந்தும் வருகிறது. அம்பெய்தலுக்கு மார்க்கத்தில் இருக்கும் மதிப்பு ஒரு காரணம். 2028 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் கம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி முதன்முறையாகச் சேர்க்கப்பட்டிருப்பது இன்னொரு காரணம். ஆளாளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்வதை விட ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று நினைத்தோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் இந்த வில் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். 1966 இல் அமெரிக்காவின் மிசூரியைச் சேர்ந்த ஹொலிஸ் வில்பர் அலன் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1969 இல் அது கிடைத்தது. சாதாரண வில்லை இழுக்க இழுக்கப் பாரம் கூடிக்கொண்டே போகும். கம்பவுண்ட் வில்லின் இரு முனையிலும் உள்ள சில்லுகள், முழுதாக இழுத்து முடிக்கும்போது பாரத்தைக் குறைத்துவிடும். 20 றாத்தல் வில்லில் முக்கால் பங்கு குறைந்தால், குறி பார்க்கும் நேரத்தில் பிள்ளையின் கையில் இருப்பது 5 றாத்தல் மட்டுமே.

ஆனால் அந்தச் சில்லுகள் ஒரு குறிப்பிட்ட நீளத்தில்தான் நிற்கும். அந்த நீளம் பிள்ளையின் கைக்குப் பொருந்தாவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வில்லும் பிரயோசனமில்லை. பிள்ளை வளர வளர நீளத்தையும் பாரத்தையும் மாற்றக்கூடிய வில்லைத் தேடச் சொல்வது இதனால்தான்.

நாம் தவறுவதும் இங்கேதான். வருடத் தொடக்கத்தில் சப்பாத்து எடுக்கும்போது "அடுத்த வருஷமும் போடட்டும்" என்று ஒரு சைஸ் கூட எடுப்போமே, வில்லையும் அப்படித்தான் எடுக்கிறோம். பெட்டியில் 70 றாத்தல் என்று இருந்தால் மனம் நிறைந்துவிடும். உலக வில்வித்தைச் சம்மேளனத்தின் போட்டிகளில் பெரியவர்களுக்கே உச்சவரம்பு 60 றாத்தல்தான். பத்து வயதுப் பிள்ளைக்கு எழுபது எதற்கு? நீங்கள் பார்க்க வேண்டியது சிறிய இலக்கத்தை. இந்த வில் எவ்வளவு குறைந்த பாரத்துக்கு, எவ்வளவு குறுகிய நீளத்துக்கு இறங்கும் என்று கேளுங்கள்.

ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வயது. வெளிநாட்டிலிருந்து மாமா கொண்டுவந்து கொடுத்த வில். நீளம் 28 அங்குலத்துக்கு வைத்திருந்தது. பிள்ளை முதுகை வளைத்து, முகத்தைப் பின்னால் சாய்த்து இழுத்தாள். நாண் உரசி முன்கை நீலம் பாரித்துப் போனது. மூன்றாவது கிழமை "எனக்கு இது சரிவராது" என்று சொல்லிவிட்டாள். இரு கைகளையும் விரிக்கச் சொல்லி அளந்தோம், 57 அங்குலம். அதை 2.5 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 23. ஐந்து அங்குலம் கூடுதலான வில்லோடுதான் அந்தப் பிள்ளை மல்லுக்கட்டியிருக்கிறாள். எலன் கீயால் சில்லின் அமைப்பை மாற்றினோம், பாரத்தையும் இறக்கினோம். வில் அதே வில்தான். பிள்ளை இன்றும் வருகிறாள்.

ஆகவே வாங்க முன் செய்ய வேண்டியவை இவை:

நீளம்: கைகளை விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மற்றதன் நுனி வரை அளந்து 2.5 ஆல் வகுங்கள். இது தொடக்கக் கணக்கு. கடைசி முடிவைப் பயிற்றுநர் பார்த்துச் சொல்லட்டும்.

பாரம்: பிள்ளையைக் கதிரையில் இருத்தி, பயிற்றுநரின் முன்னால் வில்லை நேராக நீட்டி இழுக்கச் சொல்லுங்கள். வானத்தை நோக்கித் தூக்கித்தான் இழுக்க முடிகிறது என்றால் பாரம் கூட. இழுத்துப் பத்து எண்ணும் வரை பிடித்து, மெதுவாகத் திரும்ப விட முடிய வேண்டும். அம்பில்லாமல் நாணை இழுத்துச் சட்டென்று விடவே கூடாது, வில் உடைந்து முகத்தில் அடிக்கலாம்.

கண்: எழுதுவது வலக்கையானாலும் சில பிள்ளைகளுக்கு இடக்கண்தான் பலமானது. வலக்கை வில்லைப் பின்னர் இடக்கை வில்லாக மாற்ற முடியாது. முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

அம்பு: வில்லைத் தாழ்ந்த பாரத்தில் வைத்தால் அம்பும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். பெரியவர்களின் அம்பை வெட்டிக் கொடுக்காதீர்கள். குட்டையான அம்பு கைக்கே ஆபத்து.

உடை: ஹிஜாப் அணியும் பிள்ளைகள் நுனியை உள்ளே செருகிக் குத்திக்கொள்ள வேண்டும். தளர்ந்த கை, நாணில் சிக்கும். முன்கைக் காப்பு அதற்குத் தீர்வு.

எந்த வில் என்று கேட்பவர்களுக்கு: பாடசாலையில் பலர் ஒரே வில்லைப் பாவிப்பதென்றால் ஜெனசிஸ் போன்றது நல்லது. 10 முதல் 20 றாத்தல், 15 முதல் 30 அங்குலம். அதில் இறுதியில் பாரம் குறையாது, அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நீளம் மாற்றத் தேவையில்லை. 2002 இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துப் பாடசாலைகளில் தொடங்கிய வில்வித்தைத் திட்டம் இந்த வில்லைத்தான் தெரிவு செய்தது. ஒரு பிள்ளைக்கு மட்டும் என்றால் டயமண்ட் இன்ஃபினிட் எட்ஜ் ப்ரோ, பெயார் குரூசர் போன்றவை 5 றாத்தலிலிருந்து 70 வரை போகும். ஆனால் நீளத்தைக் குறைத்து வைக்கும்போது பாரத்தின் உச்சமும் குறைந்துவிடும். அது குறையல்ல, பிள்ளைக்கு அதுவே போதும்.

உயர்ந்த இலக்கு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. மகாராஷ்டிராவின் சதாராவைச் சேர்ந்த அதிதி சுவாமி, கரும்புத் தோட்டமாக இருந்த திடலில் பயின்றவர். 2023 இல் பெர்லினில், 17 வயதில் உலகச் சாம்பியனானார். அவரது தந்தையும் பாடசாலை ஆசிரியர்தான். ஜம்முவின் கிஷ்த்வாரைச் சேர்ந்த ஷீத்தல் தேவிக்குப் பிறப்பிலேயே இரு கைகளும் இல்லை. காலால் வில்லைப் பிடித்து, தோளால் நாணை இழுத்து, 2024 பாரிஸ் பராலிம்பிக்கில் கலப்பு அணி வெண்கலம் வென்றார். அவரது உடலுக்கு ஏற்றபடி கருவியை அமைத்துக் கொடுத்தார்கள். நம் பிள்ளைகளுக்கும் அதைத்தானே செய்ய வேண்டும்?

கடைசியாக ஒன்று. வெள்ளவத்தை மாடிவீட்டு மொட்டைமாடி பயிற்சித் திடல் அல்ல. சிறுவர் வில்லிலிருந்து தவறும் அம்பும் நூறு மீற்றரைத் தாண்டிப் போகும். கீழே மரீன் டிரைவும் ரயில் பாதையும் இருக்கின்றன. கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் அப்படித்தான், யார் எப்போது குறுக்கே வருவார் என்று தெரியாது. மேற்பார்வையுள்ள திடலில் மட்டும், விசில் கேட்ட பிறகு மட்டும். உஹதில் மலையில் நிறுத்தப்பட்ட ஐம்பது வில்லாளர்களின் கதையை நம் பிள்ளைகள் அறிவார்கள். கட்டளை வரும்வரை இடத்தை விட்டு அசையாதிருப்பதுதான் இதில் முதல் பாடம்.

பிள்ளையின் கைவிரிப்பு, நீளம், பாரம், பலமான கண், திகதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வில் பெட்டிக்குள் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்ப அளந்து, பயிற்றுநரிடம் காட்டி மாற்றுங்கள். ஓடர் பண்ண முன் எங்களிடம் வருவதென்றால், வில்லின் படத்தை விடப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அளவு நாடா எங்களிடம் இருக்கிறது.