குப்பியின் மேல் எழுதியிருந்தது

2025ஆம் ஆண்டு இறுதியில் ஒரு மாலை, என் பழைய மாணவன் ஒருவன் மஸ்ஜித் தானாவிலுள்ள என் இல்லத்திற்கு வந்தான். தோட்டத்துப் பிள்ளை, ஆறாண்டுகள் எங்கள் பள்ளியில் பயின்றவன். பெருத்துவிட்ட உடலைச் சுமந்து நான் கோயிற்படி ஏறத் திணறியதைத் திருவிழாவில் கண்டிருக்கிறான். விரலளவுக் குப்பிகள் மூன்றை மேசைமேல் வைத்து, "ஐயா, இது பெப்டைடு. கொழுப்பை மட்டும் கரைக்கும். காசு பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றான்.

அன்பை மறுக்க மனம் வரவில்லை. ஆசையும் இருந்தது, அதை மறைப்பானேன்? நாவை அடக்க இயலாதவனுக்கு ஊசி ஒரு குறுக்குவழியாகத் தோன்றியது. குப்பிகள் குளிர்பதனப் பெட்டியில் தோசைமாவுக்கு அருகே இடம்பெற்றன.

வினாவை இருமுறை படித்த பின்னரே விடை எழுதவேண்டும் என்று முப்பது ஆண்டுகளாக மாணவரிடம் சொல்லி வருபவன் நான். குப்பியை ஒருமுறைகூடப் படிக்கவில்லை. மூன்றாம் நாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். பொடி எழுத்தில், 'ஆய்வுக்கு மட்டும். மனிதர் பயன்பாட்டுக்கு அன்று' என்று ஆங்கிலத்தில் இருந்தது. அதன் மேல் பொருளின் பெயர்: ஃபைவ் அமினோ ஒன் எம்கியூ.

பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. இன்சுலின் அத்தகையது, 51 அமிலங்கள் கொண்டது. இன்று பெரிதும் பேசப்படும் செமாகுளுடைடும் அவ்வினமே. 1961 பேரைக் கொண்டு 68 வாரங்கள் நடந்த அதன் சோதனை 2021இல் வெளிவந்தது. மருந்து பெற்றோர் சராசரியாக 14.9 விழுக்காடு எடை குறைந்தனர். வெற்றூசி பெற்றோர் 2.4 விழுக்காடே. அந்தச் சொல்லுக்கு மதிப்பு வந்தது இத்தகைய சான்றுகளால்.

என் குப்பியில் இருந்ததோ பெப்டைடே அன்று. சங்கிலியும் இல்லை, அமினோ அமிலமும் இல்லை. ஒரு நொதியைத் தடுக்கும் சிறு வேதிப்பொருள். பெயரிலுள்ள 'அமினோ' ஒரு வேதித்தொகுதியைக் குறிப்பது, அமிலத்தை அன்று. கொழுப்புணவு ஊட்டிப் பருக்கவைத்த எலிகள் இதனால் மெலிந்தன என்று டெக்சாஸ் ஆய்வாளர்கள் 2018இல் எழுதினர். எலிக்கு அப்பால், மனிதருக்கு எவ்வளவு, எத்தனை நாள், என்ன கேடு என்பதற்கு முறையான சான்று இல்லை. நிறுத்துச் சோதித்த சரக்கின் புகழை நிறுக்காத சரக்கு இரவல் வாங்கியிருக்கிறது. நம் நாட்டில் 'மெலியவைக்கும் காப்பி' ஒரு காலத்தில் பரவியதை அறிவீர்கள். மாரடைப்பும் பக்கவாதமும் மிகுவதாகக் கண்டு 2010இல் சந்தையிலிருந்து அகற்றப்பட்ட சிபுத்ரமினை, அதன் பின்னரும் அத்தகைய பொட்டலங்களில் அதிகாரிகள் கண்டெடுத்தனர்.

அவனை மீண்டும் அழைத்தேன்.

"எலியா, ஐயா?" என்றான்.

"எலிதான், தம்பி."

நெடுநேரம் பேசாதிருந்தான். அவனும் இரண்டு மாதமாகப் போட்டுக்கொண்டிருந்தானாம். சேமிப்பு முழுவதும் அச்சரக்கில் முடங்கியிருந்தது.

1952ஆம் ஆண்டு மருந்து விற்பனைச் சட்டத்தின்கீழ் அமைந்த 1984ஆம் ஆண்டு விதிகளை எடுத்துக் காட்டினேன். மருந்தென்று விற்கப்படும் பொருள் பதிவு பெற்றிருக்கவேண்டும். பெற்றதற்கு அடையாளமாக எம்.ஏ.எல். என்னும் மூன்றெழுத்தும் எட்டு இலக்கமும் ஓர் ஈற்றெழுத்தும் மேலட்டையில் இருக்கும். குப்பியில் அது இல்லை. 'ஆய்வுக்கு மட்டும்' என்ற வரி விற்றவன் தனக்குப் பிடித்துக்கொண்ட குடை. ஊசி போட்டுக்கொள்பவன் அதில் நனையாமல் நிற்க முடியாது. தனியாள் முதன்முறை தவறினாலே 25,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

"உங்களிடம் நான் விற்கவில்லையே ஐயா, கொடுத்தேன்தானே?" என்றான். இலக்கண வகுப்பில் இவ்வளவு நுட்பமாக அவன் கேட்டதில்லை.

விதியை அவனையே படிக்கச் சொன்னேன். விற்பது மட்டுமன்று, வழங்குவதும் வைத்திருப்பதும் அதில் உண்டு. அவன் தலைநிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு, குளிர்பதனப் பெட்டியைப் பார்த்தான்.

மறுநாள் காலை எஞ்சியிருந்தவற்றை ஓர் அட்டைப்பெட்டியில் கொண்டுவந்தான். என் மூன்றையும் அதனுள் வைத்தேன். இருவருமாகச் சுகாதார நிலையத்து மருந்தாளரிடம் போனோம். முதலில் என்னைப் பேச விட்டான்.