மர்மக் கதையாளர் கூடினால்... வடசென்னையில் ஓர் உலா

இலக்கிய மாநாடு என்றதும் உங்கள் மனக்கண்முன் என்ன தோன்றும்? பந்தல், தலைமையுரை, ஆய்வுக் கட்டுரை, பொன்னாடை, இறுதியில் நன்றியுரை. நம் சமுதாயத்துக்கு இவை புதியன அல்ல. திருச்சியில் 1973-இலும், காயல்பட்டினத்தில் 1978-இலும், கொழும்பில் 1979-இலும், கீழக்கரையில் 1990-இலும் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடுகள் நடந்தேறின. நம் புலவர்கள் விட்டுச்சென்ற செல்வத்தை அவை நமக்கே மீண்டும் அறிமுகப்படுத்தின.

இன்னொரு வகை மாநாடும் உலகில் உண்டு. துப்பறியும் கதை, விஞ்ஞானக் கதை, சாகசக் கதை எழுதுவோரும் அவற்றை விரும்பிப் படிப்போரும் ஒன்றுகூடும் மாநாடு அது. விஞ்ஞானக் கதைக்கான உலக மாநாடு 1939-இல் நியூயார்க்கில் தொடங்கியது. மர்மக் கதைக்கான ஆண்டு மாநாடு 1970-இல் கலிபோர்னியாவில் தொடங்கியது. ‘பொழுதுபோக்குக் கதை எழுதுவோருக்கு மாநாடு எதற்கு?’ என்று நீங்கள் கேட்கக்கூடும். தமிழில் அப்படியொரு கூட்டம் கூட்டுவதானால் அதற்கு ஏற்ற இடம் மண்ணடிக்கு வடக்கே விரியும் துறைமுகப் பகுதிதான் என்பது என் எண்ணம். என்னுடன் அந்தப் பக்கம் ஒருமுறை உலா வாருங்கள். உங்கள் கேள்விக்கும் வழியிலேயே விடை கிடைக்கும்.

ராயபுரம்: தெரிந்தவரிடம் கேட்டறிதல்

முதலில் ராயபுரம் ரயில் நிலையம். 1856 ஜூலை முதல் நாள் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா சாலை நோக்கிப் புறப்பட்டது. அந்தப் பழங்கட்டடம் தன் தூண்களோடு இன்றும் நிற்கிறது.

ரயிலையும் இவ்வூரையும் இணைக்கும் துயரக் கதை ஒன்றும் உண்டு. 1952 ஆகஸ்டில் தமிழகத்தையே உலுக்கிய ஆளவந்தார் கொலை வழக்கு அது. விவரங்களைச் சொல்லி உங்கள் நெஞ்சைப் பதறவைக்க மாட்டேன். கொலையுண்டவரின் உடல் ரயில் பெட்டியொன்றில் தெற்கே மானாமதுரையில் கண்டெடுக்கப்பட்டது. தலையோ இந்த ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. நூற்றுக்கணக்கான கல் தொலைவில் கிடைத்த இரண்டும் ஒரே மனிதருடையவை என்று நிறுவியது மருத்துவ அறிவு. நீதிமன்றத்தில் குற்றம் மெய்ப்பிக்கப்பட அச்சான்று பெரிதும் உதவியது.

மர்மக் கதை எழுதுகிறவர் இத்தகைய நுட்பத்தை எங்கே கற்பது? கற்பனையால் எட்ட முடியாத இடங்கள் பல உண்டு. கடல்நீரில் கிடந்த பொருள் எத்தனை நாளில் எப்படி மாறும்? சரக்குப் பெட்டிக்கு யார் முத்திரை இடுகிறார்? இரவில் படகு திரும்பும்போது கரையில் யார் விழித்திருப்பார்? மருத்துவரும், ஓய்வுபெற்ற காவல் அதிகாரியும், துறைமுகத் தொழிலாளியும், காசிமேட்டு மீனவரும் இவற்றுக்கு ஒரு நொடியில் விடை சொல்வர். மேலைநாட்டு மர்மக் கதை மாநாடுகளில் இத்தகைய துறை வல்லுநரும் வந்து பேசுகிறார்கள். மாதக்கணக்கில் தேடினும் கிடைக்காத செய்தி தேநீர் வேளையில் கிடைத்துவிடும் என்பதே பலரை அங்கே இழுக்கிறது.

ராயபுரத்துக்குத் தெற்கே துறைமுகம். 1914 செப்டம்பர் 22 இரவு, ‘எம்டன்’ என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் இருளில் வந்து சுமார் 130 குண்டுகளைச் சுட்டுவிட்டு மறைந்தது. எண்ணெய்த் தொட்டிகள் பற்றியெரிந்தன. நகரத்து மக்கள் பலர் ஊரைவிட்டே ஓடினர். அந்தக் கப்பல் பின்னர் அழிந்தது. அதன் பெயரோ தமிழில் தங்கிவிட்டது. பொல்லாத சாமர்த்தியசாலியை ‘அவன் எம்டன்’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். சாகசக் கதைக்கான விதைகள் இப்படி நம் பேச்சிலேயே கிடக்கின்றன.

திருவொற்றியூர்: தொழிலுக்கு ஒரு நெறி

மெட்ரோ ரயில் 2021 முதல் விம்கோ நகர் வரை ஓடுவதால், மண்ணடியில் ஏறினால் திருவொற்றியூர் இப்போது எளிய பயணம். பட்டினத்தார் அடங்கிய கடற்கரை என்று தமிழ் உலகம் போற்றும் இவ்வூர், தொழிலாளர் ஊருமாகும். எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1946-இல் விளையாட்டுப் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கியது இங்கேதான். என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளை இந்தியாவில் உருவாக்கிய தொழிற்சாலையும் இவ்வூரில்தான் எழுந்தது.

தொழிற்சாலை என்றால் அளவும் தரமும் உண்டு. கதைத் தொழிலுக்கும் அப்படி ஒன்று வேண்டாமா? லண்டனில் 1930-இல் துப்பறியும் கதையாசிரியர்கள் ஒரு கழகம் அமைத்தனர். செஸ்டர்டன் அதன் முதல் தலைவர். அகதா கிறிஸ்டியும் டொரதி சேயர்ஸும் உறுப்பினர்கள். சேருகிறவர் ஓர் உறுதிமொழி எடுக்க வேண்டும். தற்செயலையோ மாயமந்திரத்தையோ நம்பிப் புதிரை அவிழ்ப்பதில்லை. முக்கியமான தடயத்தை வாசகரிடமிருந்து மறைப்பதில்லை என்பன அதன் சாரம். பாதி விளையாட்டாக எடுத்த உறுதிமொழிதான். ஆயினும் வாசகரை ஏமாற்றலாகாது என்ற நெறி அதில் இருக்கிறது.

நம் இல்லங்களில் எழும் மறுப்பு ஒன்றை இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். கொலையும் களவும் பேசும் கதைகளை வீட்டுக்குள் விடலாமா என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். 1980-களில் பெட்டிக்கடைகளில் தொங்கிய மாத நாவல்கள் சிலவற்றின் அட்டைப்படங்களை நினைத்தால் அக்கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒழுங்காக எழுதப்பட்ட துப்பறியும் கதையில் குற்றம் மறைந்து நிற்பதில்லை, பொய் பிடிபடுகிறது, உண்மை வெளிப்படுகிறது. அட்டையின் கவர்ச்சியை நம்பாமல் புதிரின் நேர்மையை நம்பி எழுத வேண்டுமானால், எழுதுவோர் கூடித் தமக்குள் நெறி வகுக்க வேண்டும். தனியே எழுதுகிறவரைப் பதிப்பாளரின் அவசரமும் சந்தையின் விருப்பமும் எளிதில் வளைத்துவிடும்.

எண்ணூர்: யார் செய்தது?

இன்னும் வடக்கே எண்ணூர். கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரம். ஒருபுறம் மீனவர் வலைகள், மறுபுறம் புகைபோக்கிகள். 1970-இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. அதே ஆண்டு ஜனவரி 28 அன்று துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெயை, மீனவரும் தொண்டர்களும் வாளிகளால் அள்ளினர். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படகுகளையும் வலைகளையும் கருமையாக்கியது. அதே மாதம் 26-ஆம் நாள் நள்ளிரவில் அம்மோனியா வாயு கசிந்து, மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வீதிக்கு ஓடினர்.

யார் செய்தது, எப்படி நேர்ந்தது, யார் அறிந்திருந்தார், ஏன் சொல்லவில்லை? துப்பறியும் கதை கேட்கும் கேள்விகள் இவைதாம். இவ்வூர் மக்கள் அவற்றை மெய்யாகவே கேட்டு நிற்கிறார்கள்.

லண்டன் கழகத்தார் 1931-இல் ஒரு நாவலைக் கூடி எழுதினர். ஆற்றில் மிதந்துவரும் படகில் ஒரு கடற்படைத் தளபதியின் உடல், ஆளுக்கோர் அத்தியாயம், முன்னவர் மனத்தில் வைத்திருந்த விடை பின்னவருக்குத் தெரியாது. எண்ணூர் முகத்துவாரத்தைப் பார்க்கும்போது, நம் எழுத்தாளர் பன்னிருவர் இங்கே அமர்ந்து அப்படியொரு கதையைத் தொடங்கினால் எப்படியிருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது.

நம் இல்லத்து எழுத்தாளர்

இவையெல்லாம் நமக்கு அயலானவை என்று எண்ணாதீர்கள். 1572-இல் அரங்கேறிய ஆயிர மசலா, வினாவும் விடையுமாகவே அமைந்த நூல். தமிழ் நாவல் பிறந்த ஆறே ஆண்டில், 1885-இல், கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பை எழுதிய ‘அசன்பேயுடைய சரித்திரம்’ வெளிவந்தது. கெய்ரோவில் பிறந்து, குழந்தையாகக் களவுபோய், பம்பாயில் வளரும் ஒருவனின் கதை அது, சாகசக் கதையேதான்! 1938-இல் நாகூரின் சித்தி ஜுனைதா பேகம் ‘காதலா? கடமையா?’ நாவலை வெளியிட்டார். மூன்றாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்றுபோன அப்பெண்மணியின் நூலுக்கு உ.வே. சாமிநாதையர் அணிந்துரை தந்தார்.

அந்த அணிந்துரை பெரும் பேறுதான். ஆனால் ‘அடுத்த அத்தியாயத்தில் என் கதாநாயகன் தப்புவதற்கு வழி தெரியவில்லையே’ என்று ஒரு சக எழுத்தாளரிடம் சொல்லிச் சிரிக்கும் வாய்ப்பு, வீட்டுக்குள்ளிருந்தே எழுதும் பெண்ணுக்கு எளிதில் வாய்ப்பதில்லை. சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இருவர் சேர்ந்து ‘சுபா’ என்ற ஒரே பெயரில் எழுதுகிறார்கள். எழுத்திலும் தோழமைக்கு இடமுண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. மாநாட்டின் உண்மையான ஈர்ப்பு அந்தத் தோழமைதான். ‘இந்தப் பைத்தியம் எனக்கு மட்டுமன்று’ என்று அறிவதில் கிடைக்கும் தெம்பு, நூறு கடிதங்களிலும் கிடைக்காது.

உங்கள் வீட்டிலும் ஒருத்தி இருக்கலாம்; அடுப்பில் உலை கொதிக்கும் இடைவேளையில் பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கொலையாளியைத் தேடிக்கொண்டிருக்கலாம். கடையடைத்து வந்தபின் எழுத அமரும் தம்பியாகவும் இருக்கலாம். அவர்கள் எழுதியதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். புத்தகக் காட்சியிலோ வாசகர் வட்டத்திலோ எழுத்தாளர் கூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டால், ‘போகலாமா?’ என்று அவர்கள் கேட்குமுன் ‘வா, நானும் வருகிறேன்’ என்று வாப்பாவோ அண்ணனோ சொல்லட்டும். ஊருக்கு ஐந்து பேர் இருந்தால் போதும்; ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஒரு ஞாயிறு மாலை, ஒரு கூடம், ஐந்து கையெழுத்துப் படிகள், ஒரு கூசா தேநீர். இன்ஷா அல்லாஹ், மாநாடு அங்கிருந்தே தொடங்கட்டும்!