அவரவர் குழாய்

சாப்பிட்டுக்கொண்டே பத்திரிகை படிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இந்தப் பக்கத்தைக் கை கழுவிய பிறகு படிப்பது நல்லது. விஷயம் அப்படிப்பட்டது.

அமெரிக்கர்களுக்கு வீட்டையே சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றும் வழக்கம் உண்டு. மோட்டார் ஹோம் என்பார்கள், ஆர்.வி. என்றும் சொல்வார்கள். பெரியது நம் ஆம்னி பஸ் சைஸுக்கு இருக்கும். உள்ளே கட்டில், சோபா, அடுப்பு, ஃப்ரிட்ஜ், டி.வி., ஷவர், டாய்லெட் எல்லாம் உண்டு. ரிட்டயர் ஆனதும் வீட்டை விற்றுவிட்டு இதிலேயே குடியேறி, குளிர்காலத்தில் அரிசோனா, கோடையில் மொன்டானா என்று பறவைகள் மாதிரி இடம் மாறுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இதையெல்லாம் வாய் பிளந்து பார்த்து முடித்ததும் நம்மவர்களுக்கு ஒரு கேள்வி வரும். கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்திக் கேட்போம். ''ஆமா, டாய்லெட்னு சொன்னியே... அதெல்லாம் எங்கே போகும்?''

எங்கேயும் போகாது. கூடவே வரும்.

வண்டியின் அடிவயிற்றில் மூன்று தொட்டிகள். ஒன்று நல்ல தண்ணீருக்கு. இரண்டாவது, பாத்திரம் கழுவின தண்ணீரும் குளித்த தண்ணீரும் சேரும் கிரே டேங்க். மூன்றாவது பிளாக் டேங்க். அதில் என்ன இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்று, நான்கு நாளில் அது நிரம்பும். நிரம்பினால் அதை ஒருவர் காலி செய்தாக வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதுதான் இந்த வார விஷயம்.

என் அக்கா மகன் ஃபீனிக்ஸில் இருக்கிறான். ஒரு வாரத்துக்கு இருபத்தைந்து அடி நீளத்தில் ஒரு மோட்டார் ஹோமை வாடகைக்கு எடுத்து, அவன், அவன் மனைவி, பத்து வயதுப் பையன், நான் என்று நாலு பேராக கிராண்ட் கேன்யனுக்குப் போனோம். வண்டியைக் கொடுத்தவர் ஓட்டுவதைப் பற்றி ஐந்து நிமிஷம் சொன்னார். டாய்லெட்டைப் பற்றி இருபது நிமிஷம் வகுப்பு எடுத்தார்.

பெடலை மிதித்தால் அடியில் மூடி திறக்கும், எல்லாம் நேரே கீழே போகும். வேலை முடிந்ததும் பேசினில் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். அதுதான் நாற்றத்தைத் தடுக்கிற திரை. கூரை ஃபேன் ஓடும்போது பெடலை மிதிக்கவே கூடாது. தொட்டிக் காற்று பூராவும் வீட்டுக்குள் வந்துவிடும். பேப்பர் சீக்கிரம் கரைகிற ஒற்றை அடுக்குப் பேப்பராக இருக்க வேண்டும், அதுவும் குறைவாக. தண்ணீர் தாராளமாக.

''மாமா, இந்த விஷயத்துல நாமதான் பாஸ்'' என்றான் மருமான். வாஸ்தவம். நம் ஊர் மக் பழக்கம் பிளாக் டேங்கின் ஆரோக்கியத்துக்கு மிகவும் உகந்தது. தண்ணீர் குறைந்தால்தான் தொட்டிக்குத் தொல்லை. வால்வை எப்போதும் திறந்தே வைத்திருந்தாலும் இதே கதிதான். தண்ணீர் மட்டும் ஓடிப்போய், மற்றது குவிந்து, காய்ந்து இறுகிவிடும். ஆர்.வி.க்காரர்கள் இதற்கு 'பிரமிட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதனால் வால்வு மூடியே இருக்க வேண்டும். முக்கால் தொட்டியாவது நிரம்பிய பிறகு திறந்தால், எல்லாம் ஒரே வேகத்தில் அடித்துக்கொண்டு போகும். எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்ட சுவரில் சின்ன விளக்குகள் உண்டு. அவை பொய் சொல்லும். உள்ளே சென்சாரில் பேப்பர் ஒட்டிக்கொண்டால், காலித் தொட்டியையும் 'ஃபுல்' என்று காட்டும். அனுபவசாலிகள் விளக்கை நம்புவதில்லை. தலையையும் நாட்களையும் எண்ணிக் கணக்குப் போடுகிறார்கள்.

கிராண்ட் கேன்யனின் தென் விளிம்பில் டிரெய்லர் வில்லேஜ் என்று ஓர் இடம். ஒவ்வொரு வண்டிக்கும் ஒதுக்கிய இடத்தில் கரண்ட் பெட்டி, தண்ணீர்க் குழாய், தரையில் ஒரு சாக்கடை வாய். காலையில் எல்க் மான்கள் வண்டிகளுக்கு நடுவே நம் ஊர் மாடுகள் மாதிரி அலட்சியமாக நடந்து போகின்றன.

பக்கத்து இடத்தில் நாற்பதடி டீசல் வண்டி. ஓஹையோக்காரர், ரிட்டயர்டு பல் டாக்டர். எழுபது வயதுக்கு மேல். அந்த மாதிரி வண்டி நம் பணத்தில் இரண்டு கோடிக்குக் குறையாது என்று மருமான் சொன்னான். காலை ஏழு மணிக்கு அந்த இரண்டு கோடிக்காரர் காபி குடித்து முடித்து, ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, வண்டியின் பக்கவாட்டு அறையைத் திறந்து முழங்காலிட்டு உட்கார்ந்தார். மனைவி மேலே ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு வேடிக்கை பார்க்கும் குணம் உண்டு. அவருக்கு விளக்கும் குணம் இருந்தது. பொருந்திப்போயிற்று.

ஹோஸ் மூன்று அங்குல விட்டம், பழுப்பு நிறம், துருத்தி மாதிரி நீளும், சுருங்கும். ஒரு முனை வண்டியில், திருகினால் பூட்டிக்கொள்ளும். மறுமுனையில் ஒரு எல்போ, தரையிலுள்ள வாயில். எல்போ மட்டும் கண்ணாடி மாதிரி தெளிவான பிளாஸ்டிக். ''ஏன்?'' என்றேன். ''எப்போது சுத்தமாகிறது என்று பார்க்க'' என்றார். ஹோஸ் தரையில் கிடந்தால் நடுவில் தேங்கும் என்று, படிப்படியாக உயரம் குறையும் ஒரு தாங்கியின் மேல் அதை வைத்திருந்தார். முதலில் பிளாக் டேங்க், பிறகு கிரே டேங்க். சோப்புத் தண்ணீர் கடைசியில் வந்து ஹோஸைக் கழுவிவிடும். அப்புறம் ஹோஸை ஒரு முனையிலிருந்து தூக்கித் தூக்கி, உள்ளே ஒரு சொட்டு இல்லாமல் வடித்து, தனியாக ஒரு தண்ணீர்க் குழாயால் அலசி, வெளிச்சத்தில் பிடித்து ஊசி ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்த்து, இரண்டு முனையிலும் மூடி போட்டார்.

அதை எங்கே வைப்பது என்பது அவருக்கு இருபது வருஷ ஆராய்ச்சி. வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கும் டிரெய்லர்களில், பின் பம்பர் உள்ளே காலியான சதுரக் குழாயாக இருக்கும். ஹோஸை அதற்குள் செருகிவிடுவார்கள். ஈரத்தில் பம்பர் துருப்பிடிக்கும், குளவி கூடு கட்டும், ஓட்டத்தில் மூடி கழன்று விழும். இப்போதைய தடி ஹோஸ்களின் முனை அதற்குள் நுழையவும் நுழையாது. அதனால் இவர் ஹார்டுவேர் கடையில் வேலிக்கு நடுகிற பிளாஸ்டிக் கம்பம் வாங்கி, அளவாக அறுத்து, காற்றுப் போக அடியில் துளைகள் போட்டு, வண்டிக்கு அடியில் பொருத்தியிருந்தார். ஹோஸ் அதற்குள் வழுக்கிக்கொண்டு போனது. அவர் முகத்தில், புதுப் பீரோவைக் காட்டுகிற மாதிரி ஒரு பெருமை.

குடிதண்ணீர் ஹோஸ் வேறு, வெள்ளை நிறம். அது வண்டியின் இன்னொரு அறையில், தனிப் பையில். கழுவுகிற ஹோஸ் வேறு கலர். சாக்கடை ஹோஸைத் தொட்ட கையுறையோடு வெள்ளை ஹோஸைத் தொடுவதில்லை. இரண்டும் ஒரே அறையில் இருக்கவே கூடாது. என் பாட்டி மடி பார்த்த மாதிரியேதான். ஒரு வித்தியாசம், இந்த மடி பொருளுக்கு மட்டும்தான், மனுஷனுக்கு இல்லை. கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவி, என்னோடு கை குலுக்கி, ''நல்ல நாளாக அமையட்டும்'' என்று உள்ளே போனார். அவ்வளவுதான் தீட்டு.

அந்தத் தரை வாயிலிருந்து அது எங்கே போகிறது என்றும் கேட்டு வைத்தேன். கிராண்ட் கேன்யன் கிராமத்தில் தண்ணீர் பெரிய கஷ்டம். பள்ளத்தாக்கின் வடபுறத்து ஊற்றிலிருந்து, ஆற்றைத் தாண்டிக் குழாய் போட்டுக் கொண்டுவருகிறார்கள். தண்ணீர்க் கஷ்டத்தால் 1926-லேயே சாக்கடைத் தண்ணீரைச் சுத்திகரித்து, தனிக் குழாயில் டாய்லெட்டுக்கும் புல்தரைக்கும் கொதிகலனுக்கும் திருப்பிவிட்டார்கள். அமெரிக்காவில் இந்த ரெட்டைக் குழாய் ஏற்பாட்டுக்கு அது முன்னோடி.

கீழே கொலராடோ ஆற்றில் ரப்பர் படகில் போகிறவர்களுக்கு இன்னும் கடுமையான சட்டம். நாள்கணக்கில் ஆற்றில் இருப்பார்கள். திடக்கழிவு எல்லாவற்றையும் பெட்டியில் அடைத்து, படகிலேயே ஏற்றி, வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். ஒரு காலத்தில் இதற்கு ராணுவத் தோட்டாப் பெட்டியைப் பயன்படுத்தினார்கள். அதன் விளிம்பில் உட்கார்ந்தால் பின்புறத்தில் இரண்டு கோடுகள் பதியும். அதனால் அந்தப் பெட்டிக்கு 'குரூவர்' என்று பெயர், கோடு போடுவது என்று அர்த்தம். இன்று இருக்கை போட்டுவிட்டார்கள், பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அமெரிக்கர்கள் எல்லாரும் இந்த டாக்டர் மாதிரி இல்லை. 2004 ஆகஸ்ட் 8-ம் தேதி, டேவ் மேத்யூஸ் பேண்ட் என்கிற பிரபல இசைக் குழுவின் பஸ் ஒன்று சிகாகோவில் கின்சி தெருப் பாலத்தைக் கடந்தது. டிரைவர் தொட்டியைப் பாலத்தின் மேலேயே திறந்துவிட்டார். பாலத்தின் தரை இரும்புக் கம்பி வலை. சரியாக அதற்குக் கீழே, கட்டடங்களைச் சுற்றிப் பார்க்கும் சுற்றுலாப் படகு, திறந்த மேல் தளத்தோடு. சுமார் 360 கிலோ. மிச்சத்தை நீங்களே கற்பனை செய்துகொள்ளலாம். பஸ் டிரைவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றார். குழு இரண்டு லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்தது. கண்ணுக்குத் தெரியாமல் போனால் சரி என்று நினைக்கிற புத்தி எல்லா தேசத்திலும் உண்டு. பாலத்துக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்பதுதான் மாறும்.

அங்கேயும் காசு வாங்கிக்கொண்டு தொட்டியைக் காலி செய்யும் பம்ப் லாரி வரும். செல்லமாக 'தேன் வண்டி' என்கிறார்கள். அதுவும் மெஷின்தான்; ஹோஸ் போகுமே தவிர மனிதர் உள்ளே போவதில்லை.

மூன்றாம் நாள் எங்கள் வண்டியின் முறை. மருமான் வால்வைத் திறந்தான். ஹோஸை அலசுவது பையன் டர்ன். முகம் சுளிக்காமல், கையுறை முழங்கை வரை தொளதொளக்க, செய்து முடித்தான். செய்துகொண்டே கேட்டான்.

''தாத்தா, சென்னைல உங்க வீட்டு டேங்க் எங்க இருக்கு?''

''கார் பார்க்கிங்குக்கு அடியில. அது மூடி மேலதான் வாட்ச்மேன் நாற்காலி போட்டு உக்காந்திருப்பார்.''

''ஃபுல் ஆனா எப்படித் தெரியும்?''

''கீழ் ஃபிளாட் பாத்ரூம்ல தண்ணி போகாது.''

''அப்போ யாரு டம்ப் பண்ணுவா?''

''லாரி வரும்.''

''லாரி சரி. ஹோஸை யாரு போடுவா?''

''ரெண்டு பேர் வருவாங்க.''

''கிளவுஸ் போட்டுப்பாங்களா?''

''இல்லடா.''

''ஏன்?''

பத்து வயதுக்குப் பதில் சொல்கிற மாதிரி என்னிடம் எதுவும் இல்லை. ஏனென்றால் பதில் நீளமானது. 1993-ல் சட்டம் போட்டோம், மனிதர் மலம் அள்ளக் கூடாது என்று. 2013-ல் இன்னொரு சட்டம்; பாதுகாப்பில்லாமல் ஆளைச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறக்கக் கூடாது என்று. 2014-ல் உச்ச நீதிமன்றம், 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் பத்து லட்சம் தரச் சொன்னது. 2023-ல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. தொகைதான் உயர்ந்தது. மூடியிட்ட தொட்டியில் விஷ வாயு சேரும். முதலில் இறங்கியவர் விழுவார், அவரைத் தூக்க இறங்கியவரும் விழுவார். பேப்பரில் நாலு வரிச் செய்தி வரும். அநேகமாக ஒரே சாதி சனங்களின் பெயர்களாகவே இருக்கும். அதே வாயு மோட்டார் ஹோமிலும் உண்டு. அதற்காகத்தான் தொட்டியிலிருந்து கூரைக்கு ஒரு குழாய் போட்டு வெளியே விட்டிருக்கிறார்கள். இதில் பெரிய விஞ்ஞானம் எதுவும் இல்லை. தொட்டிக்குச் சொந்தக்காரர் அதற்குப் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறார் என்பதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றியது.

சென்னைக்கு வந்ததும் அசோசியேஷன் மீட்டிங்கில் மூன்று விஷயங்கள் சொன்னேன். எங்கள் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை. லாரியை விட்டால் வேறு வழியில்லை. எனவே, மெஷினால் மட்டும் எடுக்கிற லாரிக்குத்தான் கூப்பிட வேண்டும். யாரும் உள்ளே இறங்கக் கூடாது. கையுறையும் பூட்ஸும் நாம் வாங்கி வைக்க வேண்டும். லாரி வரும் நாளில் வீட்டுக்காரர்களில் இரண்டு பேர், முறை வைத்து, வேலை முடிகிறவரை பக்கத்தில் நிற்க வேண்டும். முதல் இரண்டும் உடனே பாஸாகிவிட்டன. மூன்றாவதற்கு முக்கால் மணி நேரம் விவாதம். ''நாம நின்னு என்ன சார் பண்ணப்போறோம்?'' என்றார் செகரட்டரி. நியாயமான கேள்விதான். கடைசியில் பதினெட்டு ஃபிளாட்டில் ஏழு பேர் பெயர் கொடுத்தார்கள்.

போன மாதம் லாரி வந்தது. நானும் மூன்றாம் மாடிக்காரரும் நின்றோம். அவர் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இருந்தாலும் நகராமல் நின்றார். வந்த இருவரில் பெரியவருக்குக் கையுறை சின்னதாக இருந்தது. அடுத்த தடவைக்குப் பெரிய சைஸ் என்று குறித்துக்கொண்டேன். ஒரு மணி நேரம் மோட்டார் ஓடியது. ஹோஸைச் சுருட்டி லாரியின் பக்கவாட்டில் மாட்டிவிட்டு வந்தவர், எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார்.

''என்ன சார், ஏதாச்சும் உள்ள விழுந்துடுச்சா? செல்போனா?''

''அதெல்லாம் இல்லீங்க. சும்மாதான் நிக்கிறோம்'' என்றார் மூன்றாம் மாடிக்காரர்.

அவர் நம்பினதாகத் தெரியவில்லை. மூடியைப் போடுவதற்கு முன், எங்களுக்காக ஒருமுறை டார்ச் அடித்து உள்ளே பார்த்துவிட்டுத்தான் மூடினார்.