லாகர்

ஜெர்மன் மொழியில் அகதி முகாமுக்கும் லாகர் என்றுதான் பெயர். எஞ்சினுக்குள் கிராங்கைத் தாங்குகிற பெயரிங்குக்கும் அதே பெயர்தான். இது எங்களுக்குத் தெரியவந்தது 1992 மாரியில், சுவிஸில் துர்காவ் மாநிலத்துக் கிராமமொன்றில், ஒரு பழைய லொறிக்கு அடியில் படுத்திருந்தபோது.

"லாகர் எவ்வளவு பெரிசு?" என்று லொறிக்காரக் கிழவர் கேட்டார். "நாற்பது பேர் இருந்தோம்" என்று சொன்னோம். கிழவர் கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார்.

நாங்கள் இரண்டு பேர். ஒருவர் அண்ணை. யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் ஒரு கராச்சில் பதினெட்டு வருசம் லொறி எஞ்சின் கட்டினவர். மற்றவன் அவருக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்துப் பழகியவன். இங்கே இருவருக்கும் ஒரே வேலை, ஓர் உணவகத்தில் சட்டி கழுவுவது. கிழவர் அங்கே கோப்பி குடிக்க வருவார். தன் எஞ்சின் தட்டுகிறது என்று முதலாளியிடம் அவர் சொல்ல, என்னிடம் ஒரு மெக்கானிக் இருக்கிறான் என்று முதலாளி எங்களைக் காட்டிவிட்டார்.

ஐம்பதுகளில் செய்த சௌரர் லொறி அது. பொடன் ஏரிக்கரையில் ஆர்போன் என்ற ஊரில் அந்தக் கம்பனி 1903இல் முதல் லொறியைச் செய்தது. மலைக்கணவாய்களில் ஏறி இறங்கிய மஞ்சள் தபால் பஸ்களிலும் சௌரர் நிறைய. எண்பதுகளில் லொறி செய்வதை நிறுத்திவிட்டார்கள். இப்போது ஆர்போனில் அதற்கொரு மியூசியம் இருக்கிறது. நாங்கள் எஞ்சினைத் திறந்தபோதே கடையில் போய்ச் சாமான் வாங்க முடியாத நிலை.

சம்ப்பைக் கழற்றி, பிக் எண்ட் பெயரிங்குகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து வரிசையாக வைத்தோம். ஒவ்வொன்றின் முதுகிலும் 0.50 என்று அடித்திருந்தது. பழைய தேய்மானத்துக்காகத் தண்டை அரை மில்லிமீற்றர் கடைந்து குறைத்திருக்கிறார்கள், அதற்கேற்ற தடித்த பெயரிங் போட்டிருக்கிறார்கள் என்பது அதன் பொருள். தண்டு மெலிய மெலியப் பெயரிங் தடிக்கும். அரை மில்லிமீற்றர் என்பது விட்டத்தில். பெயரிங்கின் இரு பாதியிலும் ஒவ்வொன்றுக்குக் கால் மில்லிமீற்றர் கூடும். புதிதாகத் தொழில் பழகுகிறவன் குழம்புகிற இடம் இதுதான்.

அண்ணைக்கு மில்லிமீற்றர் பிடிக்காது. அவர் வளர்ந்தது பெட்போர்ட் லொறியோடு. அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தவ். "அரை மில்லியெண்டா இருபது தவ்வுக்குத் துளி குறைய" என்று முணுமுணுத்துக்கொண்டார்.

"அண்ணை, ஆறிலயும் ஒரே நம்பர்தானே. அதையே சொல்லி எடுப்பமே?"

"பெயரிங்கில எழுதினது போனமுறை கட்டினவன் சொன்ன கதை, தம்பி. தண்டைக் கேள்."

கிழவரின் மைக்ரோமீட்டரால் ஒவ்வொரு தண்டையும் இரண்டு முனையிலும், குறுக்கும் நெடுக்குமாக அளந்தோம். ஐந்து சரி. நாலாவது நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது. ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் 0.08 மில்லிமீற்றர் வித்தியாசம். அதன் பெயரிங்கைத் திரும்ப எடுத்து வெளிச்சத்தில் பார்த்தோம். முதுகில் கடதாசி போல மெல்லிய பித்தளைத் தகடு கறுத்து ஒட்டியிருந்தது. துடைக்கிறபோது கறையென்று நினைத்துவிட்டோம்.

அண்ணை அதை நகத்தால் உரித்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபடி நின்றார். எங்களுக்கு அது தெரிந்த சாமான்தான். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்கு பெற்றோலும் இல்லை, உதிரிப்பாகமும் இல்லை. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின, ஸ்ரார்ட் பண்ண மட்டும் சில துளி பெற்றோல். தட்டுகிற பெயரிங்குக்குப் பின்னால் சிகரெட் பெட்டி வெள்ளித்தாள் வைத்து இறுக்கி அனுப்பியிருக்கிறோம். பெயரிங்கின் முதுகு நேரே இரும்பில் அழுந்தாவிட்டால் சூடு வெளியேறாது, ஒருநாள் அது தண்டோடு சேர்ந்து சுற்றும் என்று தெரிந்துகொண்டேதான் வைத்தோம்.

"ஆர் செய்தது?" என்று கையால் கேட்டோம். கிழவர் சிவந்துபோனார். அவர்தான். ஒரு நத்தாருக்கு முதல்நாள் லோட் இறக்கவேண்டி இருந்ததாம். பிறகு மாற்றலாமென்று விட்டதாம். யுத்த காலத்தில் பழகியது என்றார். அப்போது எரிபொருள் தட்டுப்பாட்டால் சுவிஸிலும் வாகனங்கள் விறகுவாயுவில் ஓடின. அவர் அடுப்புப் பூட்டிய லொறி ஓட்டிய பெடியன். அன்று மட்டும் எங்கள் ஜெர்மன் எப்படியோ போதுமானதாக இருந்தது.

தண்டு கடைச்சலுக்குப் போனது, 0.75க்கு. ஒன்றுக்காக ஆறையும் குறைப்பதா என்று கிழவர் காசுக்கு அழுதார். அண்ணை விடவில்லை. ஆர்போன் பக்கத்தில் யாரோ ஒருவரின் நிலவறையில் பெயரிங்குகள் கிடைக்கப் பங்குனி ஆகிவிட்டது. எழுபது மில்லிமீற்றர் தண்டுக்கு இடைவெளி ஏறக்குறைய 0.07, ஒரு தலைமயிர்த் தடிப்பு. அதைப் பார்க்கக் கிழவர் பிளாஸ்ரிகேஜ் வைத்திருந்தார். மெழுகு போன்ற நூல். தண்டில் வைத்து இறுக்கிக் கழற்றினால் நசுங்கின அகலம் இடைவெளியைச் சொல்லும். நாங்கள் அதற்குமுன் கண்டதில்லை. அண்ணை கொன்றொட்டைக் கையால் தூக்கி விட்டு, அது தன் பாரத்தில் மெல்ல இறங்குவதைப் பார்த்து "சரி" என்றார். பிறகுதான் நூலை வைத்தோம். 0.07.

அந்தக் கோடையில் கிழவர் அண்ணையைத் தெரிந்த கராச் ஒன்றுக்குக் கூட்டிப்போனார். தொழில் பழகிய சான்றிதழ் கேட்டார்கள். ஸ்ரான்லி வீதியில் யார் சான்றிதழ் கொடுத்தது? வாகனம் கழுவ வேண்டுமானால் வரலாம் என்றார்கள். கிழவர் அந்த மனிதரோடு சண்டை பிடித்தார். அண்ணை ஒன்றும் சொல்லாமல் வந்து பஸ் தரிப்பில் நின்றார். ஓய்வு பெறும்வரை சட்டிதான் கழுவினார்.

எஞ்சின் ஸ்ரார்ட் வந்த அன்று கிழவர் தன் கொப்பியை நீட்டி, அளவுகளை எழுதச் சொன்னார். ஆறு தண்டு, ஆறு அளவு, திகதி. அண்ணை தமிழில் எழுதினார். நாலாவதுக்கு எதிரே, "தகடு எடுத்தாச்சு".